எதனால் செத்தார் என்று கேட்டவர்

எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்குக் 'கீழ்த்தளம்' என்று பெயர். மேல் மாடிகளில் இருக்கிற டாக்டர்கள் நோயாளிகளைப் பார்ப்பார்கள். நான் அந்த நோயாளிகளிடமிருந்து வெட்டி எடுத்த சதைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். எப்போதாவது, இறந்தவர்களையும் திறந்து பார்ப்பேன்.

இந்த 'எப்போதாவது'தான் என் நெடுநாள் வருத்தம். கொலை, விபத்து என்றால் உடல் போலீஸ் வழியாக வேறு கட்டடத்துக்குப் போய்விடும். அதில் எனக்கு வேலை இல்லை. ஆனால் நோயில் இறந்தவரைத் திறந்து, நாம் சொன்ன நோய்தான் அவரைக் கொன்றதா என்று பார்ப்பது என் வேலை. அதை யாரும் கேட்பதில்லை. ஸ்கேன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதென்று நம்புவதால் டாக்டர்கள் கேட்பதில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாததால் குடும்பத்தார் கேட்பதில்லை. ஹாரன் அக்கா வந்த காலத்தில் என் பிரேதப் பரிசோதனை மேசையின் மேல் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஹாரன் அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள். ஒருமுறை வண்டியின் ஹாரன் பழுதானபோது, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் போட்ட சத்தத்தில் முன்னால் போன லாரி ஒதுங்கி வழிவிட்டதாம். அவரிடம் கேட்டால் "லாரி இல்ல, வேன்" என்று திருத்துவார். குள்ளமான உருவம். ஓட்டுநர் இருக்கையில் இரண்டு தலையணை போட்டுத்தான் உட்காருவார்.

அவருடைய கணவர் பெயிண்டர், ஆள் நெட்டை. நிலைப்படியில் இடித்து இடித்து நெற்றியில் நிரந்தரமாக ஒரு தழும்பு. கூட வேலை செய்தவர்கள், "இவனுக்கு ஏணி வேண்டாம், கீழ்ச்சுவர் அடிக்கத்தான் பள்ளம் தோண்டணும்" என்று கிண்டல் செய்வார்களாம். நீளக் கை, நீள விரல், தடித்த கண்ணாடி. பேச்சு குறைவு. "எங்க வீட்டுல பேச்சு மொத்தமும் என் பொறுப்பு, பெயிண்ட் மொத்தமும் அவர் பொறுப்பு" என்று ஹாரன் அக்கா பின்னால் என்னிடம் சொன்னார்.

ஒரு நாள் மதியம் ஒரு வீட்டுக் கூடத்தின் உட்கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது, கணவருக்கு நெஞ்சிலிருந்து முதுகுக்கு ஒரு வலி பாய்ந்தது. தூரிகையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஹாரன் அக்கா பிள்ளைகளை இறக்கிவிட்டு, பேருந்தோடு நேராக அங்கே வந்து சேர்ந்தார்.

அன்று பணியில் இருந்தது ஓர் இளம் டாக்டர். ஈசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார். இரண்டிலும் கோளாறு தெரியவில்லை.

"எப்படி வலிக்குது?" என்று கேட்டார்.

"துணியக் கிழிக்கிற மாதிரி, சார். உள்ள யாரோ கிழிக்கிற மாதிரி" என்றார் கணவர்.

"நாள் முழுக்கக் கையத் தூக்கிப் பெயிண்ட் அடிக்கிறீங்க. தசை புடிச்சிருக்கு. கூட கொஞ்சம் கேஸ். இதயம் கல்லு மாதிரி இருக்கு, பயப்படாதீங்க."

ஒரு ஊசி, சில மாத்திரைகள், வீட்டுக்குப் போகலாம். ஊசியில் வலி மட்டுப்பட்டது. அன்று இரவு கணவர் கொஞ்சம் சாப்பிட்டார், தூங்கினார். மறுநாள் காலை முகம் கழுவப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மறுபடி அதே அவசரப் பிரிவு, அதே கட்டில். வந்த சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது. முந்தின நாள் தொடங்கிய இருபத்துநான்கு மணி நேரப் பணி முடியாமல் இன்னும் அங்கேயே இருந்த அதே இளம் டாக்டர் வெளியே வந்து, "பெரிய ஹார்ட் அட்டாக்" என்றார்.

ஹாரன் அக்கா அழவில்லை. டாக்டரை வழிமறித்து நின்றார்.

"நேத்து இதயம் கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னீங்க. இன்னிக்கு இதயந்தான் நின்னுபோச்சுன்னு சொல்றீங்க. ரெண்டுல எது தப்பு?"

"அம்மா, ஒரே நாள்ல எதுவும் மாறலாம்."

"மாறலாம். மாறுச்சா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?"

டாக்டர் முதல் நாள் எழுதிய சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். அங்கே இருந்த செவிலியர் ஒருவர் அதை எனக்குச் சொன்னபோது, "அந்தப் பையன் மொகத்தப் பார்க்க முடியல சார்" என்றார்.

இறப்புச் சான்றிதழை நீட்டினார்கள். ஹாரன் அக்கா அதை வாங்க மறுத்தார். "இதுல எழுதியிருக்கறது உங்களுக்கே நிச்சயமில்ல. நிச்சயமானத எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். உள்ளே திறந்து பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று அந்தச் செவிலியர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், "அப்ப திறந்து பாருங்க" என்றார் ஹாரன் அக்கா.

கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், நல்ல நிர்வாகி, சத்தமான எதுவும் அவருக்கு ஆகாது.

"கீழ எல்லாம் தூசியா கெடக்கு, உதவிக்கு ஆள் இல்ல, ரெண்டு மூணு நாள் ஆகும்னு சொல்லுங்க. அந்தம்மா மனசு மாறிடுவாங்க" என்றார்.

நான் கீழே இறங்கி வந்து நாற்காலிகளை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தேன். உதவியாளர் ஓடிவந்து என்ன சார் ஆச்சு என்றார். ஒரு குடும்பம் கேட்கிறது என்றேன். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனார்.

ஆனால் குடும்பம் கேட்கவில்லை, ஹாரன் அக்கா மட்டும்தான் கேட்டார் என்பது வராந்தாவுக்குப் போனபோது தெரிந்தது. கணவரின் தம்பி அங்கே சுவரில் கையால் குத்திக்கொண்டிருந்தார். அண்ணனைப் போலவே நெட்டை. அச்சகம் ஒன்றில் வேலை, நகக்கண்ணெல்லாம் மை.

"எங்கண்ணன அறுக்க விடமாட்டேன் அண்ணி. உயிரோட இருந்தப்ப ஒரு எறும்பக்கூட மிதிக்காத மனுஷன். செத்தப்பறமாவது நிம்மதியா போகட்டும்."

"உங்கண்ணன் நிம்மதியா போகல, தம்பி. வலிக்குதுன்னு சொன்னாரு. ஒருத்தரும் நம்பல. நானும் சேர்த்துத்தான் சொல்றேன். ஊசி போட்டதும் சரியாயிடுச்சுன்னு நானும் நம்புனேன். அவரு சொன்னது நெஜம்னு ஒருத்தராவது பார்த்துச் சொல்லணும்."

"பார்த்தா திரும்பி வரப்போறாரா?"

"வரமாட்டாரு. அதுக்காகப் பொய்யோட அனுப்பி வைக்கணுமா?"

இருவருக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஹாரன் அக்காவின் மாமியார். மகன் போன செய்தி கேட்டதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள். நான் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, என்ன செய்வோம், எப்படிச் செய்வோம், முகத்தைத் தொடமாட்டோம், தையல் உடைக்குள் மறைந்துவிடும், மாலைக்குள் கொடுத்துவிடுவோம் என்று மெதுவாகச் சொன்னேன். கேட்டார். பிறகு இளைய மகனைப் பார்த்தார்.

"உங்கப்பாவும் இப்படித்தான். முதுகு முதுகுன்னாரு. சூடு புடிச்சிருக்குன்னாங்க. எண்ண தேய்ச்சு விட்டேன். காலையில இல்ல. எதனாலன்னு கேக்கத் தெரியல எனக்கு." மூச்சு வாங்கினார். "இவ கேக்கறா. கேக்கட்டும் விடு."

கொழுந்தனார் அண்ணியைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியை விட்டே வெளியேறிப் போனார்.

நான் அந்த உடலைத் திறந்தேன். அதிகம் விவரிக்கப்போவதில்லை. இதயத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பை உண்டு. அது விம்மிப் புடைத்து, கருநீலமாக, தொட்டால் வெடித்துவிடும் போல இருந்தது. உள்ளே முழுக்க ரத்தம். அந்த ரத்தம் நான்கு பக்கமும் அழுத்தியதில் இதயத்துக்கு விரிய இடமில்லாமல் போயிருக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களில் அடைப்பு ஒன்றுகூட இல்லை, இளைஞனின் குழாய் போலச் சுத்தமாக இருந்தன. ஆக, ஹார்ட் அட்டாக் இல்லை. இதயத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகிற மகாதமனி என்ற பெரிய குழாய், இருக்க வேண்டியதைவிட இரண்டு பங்கு அகலமாக ஊதியிருந்தது. அதன் உட்சுவர் குறுக்கே கிழிந்திருந்தது. அந்த வழியாகப் புகுந்த ரத்தம் வெளிச்சுவரையும் உடைத்து அந்தப் பைக்குள் இறங்கியிருக்கிறது.

துணியைக் கிழிக்கிற மாதிரி என்று அந்த மனிதர் சொன்னது உவமை இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார்.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து ஹாரன் அக்காவிடம் சொன்னேன். முதல் நாள் இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்து சந்தேகம் வந்திருக்கலாம், ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், உடனே அறுவை சிகிச்சை செய்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு, பிழைக்காமலும் போயிருக்கலாம் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். அப்போதுதான் அவர் அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த டாக்டர் இதப் பார்த்தாரா?"

"இல்ல."

"கூப்பிடுங்க. பார்க்கட்டும்."

இளம் டாக்டர் வந்தார். வீட்டுக்குப் போயிருந்தவர், கூப்பிட்டதும் திரும்பி வந்திருந்தார். நான் உள்ளே அழைத்துப் போய்க் காட்டினேன். கிழிசலின் மேல் விரலை வைத்து நெடுநேரம் நின்றார். வெளியே வந்ததும் ஹாரன் அக்கா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடி விழும் என்று எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

"எனக்குத் தோணல, அம்மா. ஈசிஜி நல்லா இருந்தது. வேற எதுவும் தோணல."

"தோணலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே. தெரியல, இன்னொரு டாக்டரையும் பார்க்கச் சொல்றேன்னு ஒரு வார்த்த. நாங்க கோவிச்சுக்க மாட்டோமே. கல்லு மாதிரி இருக்குன்னீங்களே, அதுதான் தாங்கல."

டாக்டர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. ஹாரன் அக்கா அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "இனி வர்றவங்களுக்குப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உடலை வாங்கிக்கொள்ளப் போனார்.

கண்காணிப்பாளர் அறிக்கையில் 'இதயம் சார்ந்த இறப்பு' என்று பொதுவாக எழுதச் சொன்னார். பொய்யில்லையே என்றார். மழுப்பலுக்கு என் கையெழுத்து கிடைக்காது என்றேன். "உங்க ஓய்வுக்கு இன்னும் காலம் இருக்கு, யோசிச்சுக்கோங்க" என்றார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஹாரன் அக்கா வந்தார்.

"அவரு தம்பிக்கும் என் பொண்ணுக்கும் இது வருமான்னு கேக்க வந்தேன். உள்ள பேச்சு கேட்டுச்சு. அறிக்கைய மாத்தி எழுதுனா, நாளைக்கு அவங்கள எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் என்னன்னு சொல்வேன்? மாத்திதான் எழுதுவீங்கன்னா சொல்லிடுங்க. தெனமும் சவாரி முடிஞ்சதும் வண்டிய உங்க வாசல்லதான் நிறுத்துவேன். என் குரல நீங்க இன்னும் முழுசா கேக்கல."

கண்காணிப்பாளர் அறிக்கைத் தாளை என் பக்கம் தள்ளினார். நான் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினேன்.

வரலாம் என்பதுதான் அவர் கேள்விக்குப் பதில். அந்த உயரம், அந்த நீள விரல்கள், அந்தத் தடித்த கண்ணாடி, தகப்பனாரின் முதுகு வலி எல்லாம் ஒரே பிறவிக் கோளாறின் கைவேலை. குழாய்ச் சுவரே பலவீனமாக இருக்கும், வழிவழியாக வரும் கோளாறு. ரத்த சொந்தங்கள் எல்லோரையும் ஸ்கேன் செய்தாக வேண்டும்.

மகளைப் பார்த்தோம். அவளுக்கும் இருந்தது, ஆரம்ப நிலையில். மாத்திரை, வருஷா வருஷம் ஸ்கேன், கைப்பந்து விளையாட்டு கூடாது. பள்ளி அணியில் அவள்தான் உயரம். அம்மாவுடன் பல நாள் பேசவில்லை. "என்னைத் திட்டுறதுக்கு அவ உசுரோட இருப்பா இல்ல, திட்டட்டும்" என்றார் ஹாரன் அக்கா.

கொழுந்தனார்தான் பிடி கொடுக்கவில்லை. அண்ணனை அறுத்த ஆஸ்பத்திரியின் வாசலை மிதிக்கமாட்டேன் என்றுவிட்டார். அண்ணியின் போனை எடுக்கவில்லை. மாமியார் சொல்லியும் கேட்கவில்லை. தனக்கு ஒரு வலியும் இல்லை என்றார். அது உண்மைதான், அண்ணனுக்கும் அந்த மதியம் வரைக்கும் ஒரு வலியும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஹாரன் அக்கா அந்த மஞ்சள் பேருந்தை அச்சகம் இருந்த குறுகலான தெருவுக்குள் திருப்பினார். வாசலை அடைத்து நிறுத்தினார். ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. பின்னால் வண்டிகள் நின்றன. கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். அச்சக முதலாளி காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"என் கொழுந்தன் வேணும். அவரு ஏறுனா வண்டி கிளம்பிடும்."

கொழுந்தனார் மை படிந்த கையோடு வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அண்ணி, மானத்த வாங்காதீங்க. வண்டிய எடுங்க."

"மானத்த அப்பறம் திருப்பித் தர்றேன். இப்ப ஏறுங்க."

"நான் நல்லாதான் இருக்கேன்."

"நல்லா இருந்தா அத ஸ்கேன் சொல்லட்டும், அந்தச் சீட்ட கொண்டுவந்து என் மொகத்துல வீசுங்க. அதுக்கப்பறம் உங்க வாசல் பக்கம் வரமாட்டேன்." அவர் குரல் முதல் தடவையாக இறங்கியது. "உங்கண்ணன ஒரு தடவதான் நம்பாம விட்டேன், தம்பி. இன்னொரு தடவ முடியாது என்னால."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி, "போய்த் தொலையேன்யா, காது கிழியுது" என்றார். கொழுந்தனார் குனிந்து ஏறி, சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

அவருடைய மகாதமனி அண்ணனுடையதைப் போலவே ஊதியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் கிழிந்திருக்கலாம். ஊதிய பகுதியை வெட்டியெடுத்து, துணி போல நெய்த ஒரு செயற்கைக் குழாயை வைத்துத் தைத்தார்கள். அறுவை சிகிச்சை நாளெல்லாம் நடந்தது. மயக்கம் தெளிந்த பிறகு அண்ணியைப் பார்க்க வேண்டும் என்றார். ஹாரன் அக்கா போனபோது பேச முடியாமல் கையை மட்டும் நீட்டினாராம். நெஞ்சில் இருந்த நீளமான தையலைப் பார்த்துவிட்டு, "உங்கண்ணனுக்கும் இதே எடத்துலதான்" என்றாராம் இவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் குரூரமாக இருந்திருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அதோடு ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. கீழ்த்தள அறையை மருந்து வைக்கும் இடமாக்கலாம் என்று அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது. அப்போதுதான் இளம் டாக்டர் என்னைத் தேடி வந்தார். எல்லா டாக்டர்களும் கூடும் கூட்டத்தில் அந்தப் பெயிண்டரின் கேஸைத் தானே எடுத்து வைக்க வேண்டும் என்றார். பெயர் கெட்டுவிடும் என்று எச்சரித்தேன். "ஏற்கெனவே கெட்டதுதான் சார், எல்லாருக்கும் தெரிஞ்சே கெடட்டும்" என்றார்.

கூட்டத்தில் தான் எடுத்த ஈசிஜியையும் நான் எடுத்த படத்தையும் திரையில் போட்டார். எங்கே தவறினேன், எதைக் கேட்காமல் விட்டேன் என்று வரிசையாகச் சொன்னார். கண்காணிப்பாளர், குடும்பத்தாரின் கண்ணீரைக் காட்டி டாக்டர்களைக் குற்றவாளியாக்கும் பழக்கம் வேண்டாம் என்று பேச எழுந்தார். கடைசி வரிசையில் இருந்த மூத்த அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் குறுக்கிட்டு, "என் நோயாளி ஒருத்தர் நேத்து ராத்திரி இறந்துட்டார். எனக்கும் காரணம் புரியல. அந்த அறை திறந்திருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். திறந்திருக்கிறது என்றேன். சுற்றறிக்கையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

கொழுந்தனார் இன்னும் வார்டில் இருந்தபோதே ஹாரன் அக்கா காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் இடையில் எங்கள் வராந்தாவுக்கு வர ஆரம்பித்திருந்தார். காரணம் புரியாமல் ஆளை இழந்து நிற்பவர்களின் பக்கத்தில் உட்காருவார். "திறந்து பார்க்கச் சொல்லிக் கேக்கலாம். கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்கு. வேண்டாம்னாலும் அது உங்க இஷ்டம்" என்பார். காவலாளியை விட்டு வெளியேற்றினார் கண்காணிப்பாளர். மறுநாள் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு கொழுந்தனாரைப் பார்க்க வந்தார். கொழுந்தனார் வீட்டுக்குப் போன பிறகு தனக்கே முழங்கால் வலி என்று வெளிநோயாளியாக வந்தார். காவலாளி களைத்துவிட்டார். அவருடைய பிள்ளையும் ஹாரன் அக்காவின் பேருந்தில்தான் போகிறானாம்.

எல்லாத் தடவையும் டாக்டர்மேல்தான் தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கிறது. ஒரு குடும்பம், ஆஸ்பத்திரிதான் கொன்றுவிட்டது என்று கண்ணாடியை உடைத்தது. திறந்து பார்த்தேன். யாராலும் காப்பாற்ற முடியாத புற்றுநோய், டாக்டர்கள் சொன்னது அட்சரம் பிசகவில்லை. ஹாரன் அக்காதான் அந்த மகன்களைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். "உண்மை வேணும்னு கேட்டீங்க இல்ல, வந்துடுச்சு. அது நமக்கு வசதியா வரணும்னு ஒண்ணும் இல்ல" என்று திட்டினார். இன்னொரு பெண், தாய்க்கு மாத்திரை தர ஒரு வேளை மறந்ததால்தான் தாய் இறந்தார் என்று சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். அந்த மாத்திரைக்கும் இறப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று பார்த்துச் சொன்னேன். அன்று ஹாரன் அக்கா அந்தப் பெண்ணைத் தன் பேருந்திலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

பழைய கண்காணிப்பாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் போன வாரம் வராந்தாவில் ஹாரன் அக்காவைப் பார்த்து, "நீங்க யாரும்மா? யார் கூட வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"யார் கூடவும் இல்ல. அதோ, மூணாவது பெஞ்சுல ஒருத்தரு தனியா உக்காந்திருக்காரு. காலையில அவரு சம்சாரம் போயிட்டாங்க. நிமோனியான்னு சொல்லியிருக்காங்க, அவருக்கு மனசு ஒப்பல. நீங்கதான் இங்க பெரியவர்னா அவர்கிட்ட போய்ப் பேசுங்க. உங்களுக்கு வேலை இருந்தா நான் பேசறேன்."

புதியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, மூன்றாவது பெஞ்சை நோக்கி நடந்தார். ஹாரன் அக்கா அவருக்குப் பின்னாலேயே போனார், ஏதாவது மழுப்பினால் குறுக்கிட வசதியான தூரத்தில்.